ஐடியிலிருந்து டாக்டர்: படிப்பை விட பேப்பர்தான் பாடு

முப்பத்தைந்து வயதில் மெடிக்கல் காலேஜ் சேர்ந்தேன் என்றால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அந்த வயசுல எப்படி இவ்வளவையும் மனப்பாடம் பண்ணீங்க?" அது ஆகிவிடுகிறது. உட்கார்ந்து படித்தால் அனாடமி ஏறும், பயோகெமிஸ்ட்ரியும் ஏறும். என்னைப் பாடாய்ப் படுத்தியது ஊரிலிருந்து வரவேண்டிய ஒரு கவர், கையில் வீங்கிய ஒரு ஊசி, தேதி முடிந்துபோன ஒரு படிவம். அவற்றைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நான் ஏன் டாக்டராக ஆசைப்பட்டேன் என்பதை விண்ணப்பத்தில் 5,300 எழுத்துக்குள் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. இங்கே இன்னொரு முறை வேண்டாம்.

நியூ ஜெர்சியில் மென்பொருள் வேலை, எச்1பி விசா. அந்த விசாவில் இருக்கும்வரை டாக்டர் ஆசையை மூட்டை கட்டி வைப்பது தவிர வேறு வழியில்லை. அமெரிக்காவில் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் கிரீன் கார்டு இல்லாதவர்களைச் சேர்ப்பதில்லை. சேர்த்துக்கொண்டாலும் ஃபெடரல் கல்விக் கடன் கிடைக்காது. 2012-இல் இந்தியர்களுக்கான இபி-2 (வேலை வழியாகக் கிரீன் கார்டு கேட்பவர்களில் ஒரு பிரிவு) வரிசை திடீரென்று 2010 மே தேதிக்காரர்கள் வரைக்கும் ஓடி வந்ததே, நினைவிருக்கும். அந்த அலையில் என் கார்டும் வந்தது. அந்த செமஸ்டரிலேயே மாலை வகுப்புக்குப் பணம் கட்டினேன்.

அடுத்த சுவர், நம் ஊர் பி.இ. பட்டம். பல மருத்துவக் கல்லூரிகள் அமெரிக்க அல்லது கனடா பட்டம் வேண்டும் என்கின்றன. மற்றவை இத்தனை கிரெடிட்டாவது இங்கே படித்திருக்க வேண்டும் என்கின்றன. உயிரியல், வேதியியல், இயற்பியல் எல்லாம் இங்கேதான் படித்திருக்க வேண்டும். சரி, ஊர்ப் பட்டத்தின் கிரெடிட்டில் கொஞ்சத்தை மாற்றிக்கொண்டு, மீதியை மாலை வகுப்பில் படித்து இங்கே இரண்டாவது பட்டம் வாங்கிவிடுவது என்று முடிவெடுத்தேன். அதற்குப் பாடவாரியான மதிப்பீடு வேண்டும். மதிப்பீட்டுக்கு ட்ரான்ஸ்கிரிப்ட் வேண்டும். அது பல்கலைக்கழகமே ஒட்டி, சீல் வைத்துக் கொடுத்த கவரில் வரவேண்டும்.

நாங்கள் படித்து முடிக்கிற நேரத்தில்தான் தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. எங்கள் பேட்ச்சுக்கு அதற்கு முந்தைய பல்கலைக்கழகத்தின் பட்டம். கல்லூரியில் கேட்டால் "அது இப்ப எங்ககிட்ட இல்லீங்க" என்றார்கள். பல்கலைக்கழகத்தில் கேட்டால் "காலேஜ்ல லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்றார்கள். நான் நியூ ஜெர்சியில், எடிசன் ஊரில் இருக்கிறேன். அலைந்தது அப்பா.

அப்பா தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பஸ் ஏறி, கல்லூரிக் கடிதம் வாங்கி, சலான் கட்டி, வரிசையில் நின்று ஒரு வழியாகக் கவரை வாங்கி அனுப்பினார். இங்கே அதை ஏற்கவில்லை. உள்ளே இருந்த மார்க் ஷீட் ஒவ்வொன்றிலும் சீல் இருந்தது, கவரின் மூடி மேல் இல்லை. மறுபடி போனார். "உள்ள பேப்பர்லதான் சீல் போட்டாச்சே சார், கவர்ல எதுக்கு?" என்று கேட்டிருக்கிறார் பிரிவு உதவியாளர். கேட்கும்படி கேட்டதும், "சீல் சூப்ரண்டு டிராயர்ல இருக்கு, அவரு லீவு" என்று பதில். சூப்ரண்டு எப்போது வருவார் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த முறை அப்பா வீட்டிலிருந்தே ஃபெவிகாலும், நல்ல கெட்டியான துணிக் கவர்களும் கொண்டுபோனார். சூப்ரண்டு முன்னாலேயே நின்று, "முப்பது வருஷம் தபால்ல இருந்தவன் சார், மூடி மேல பாதி, கவர் மேல பாதி விழணும்" என்று பாடம் எடுத்து, மூன்று கவர்களில் சீலும் குறுக்குக் கையெழுத்தும் வாங்கிவிட்டார். அன்று ராத்திரி போனில் அவர் குரலைக் கேட்டிருக்க வேண்டும், கலெக்டர் ஆனதுபோல். "மூணு கவர் இருக்கு. இனி அமெரிக்காக்காரன் என்ன சொல்றான்னு பாப்போம்."

ஊருக்கு எழுதுபவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஒரு கவர் கேட்காதீர்கள், கூடுதலாக வாங்கி, பிரிக்காமல் பீரோவில் வையுங்கள். கூடவே அந்த வருடத்துப் பாடத்திட்டத்தின் நகலையும் சான்றொப்பத்துடன் வாங்கிவிடுங்கள். பட்டம் என்ன பட்டம் என்று மதிப்பீடு சொல்லிவிடும். ஆனால் எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட் தருவது என்று கல்லூரி முடிவு செய்யும்போது பாடத்திட்டத்தைத்தான் கேட்பார்கள்.

இவ்வளவும் செய்து வந்த மார்க், மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் எதற்கும் உதவாது என்பது அப்புறம்தான் உறைத்தது. ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பத்தில் வெளிநாட்டுப் பாடங்களைச் சரிபார்ப்பதில்லை, சராசரியிலும் சேர்ப்பதில்லை. இங்கே படித்த பாடங்களின் கிரேடு மட்டும்தான் கணக்கு. நான்கு வருடம் முதல் வகுப்பில் தேறிய பொறியியல் சுழி. ஆபீஸ் முடிந்து, பாதித் தூக்கத்தில் எழுதிய ஆர்கானிக் கெமிஸ்ட்ரி தேர்வுதான் என் முழு ஜாதகம். பாடங்கள் குறைவு என்பதால் ஒரே ஒரு பி கூட சராசரியை இழுத்துவிடும். ஒரு வகுப்பு சரியாகப் போகவில்லை என்று தெரிந்தால், விலகுவதற்கான கடைசித் தேதிக்கு முன்னால் யோசியுங்கள்.

சிபாரிசுக் கடிதத்தில் இன்னொரு வம்பு. மாலை வகுப்பு எடுப்பவர்களில் பாதிப் பேர் ஒப்பந்த ஆசிரியர்கள். ஒரு செமஸ்டர் இருப்பார்கள், அடுத்த செமஸ்டர் வேறு ஊர். எனக்கு உயிரியல் எடுத்தவரின் கல்லூரி மின்னஞ்சலே செத்துப்போய்விட்டது. துறை அலுவலகத்தில் கேட்டால், "முன்னாள் ஊழியர் முகவரி தரமாட்டோம்." கடைசியில் ஆய்வகத்தில் என்னோடு படித்த பையன் ஒருவன் மூலம் ஆளைப் பிடித்தேன். வகுப்பு முடிகிற வாரத்திலேயே கடிதம் கேட்டு, அதை வைத்திருந்து பிறகு அனுப்பித் தரும் இணையச் சேவை ஒன்றில் போடச் சொல்லிவிடுங்கள். விண்ணப்பம் இரண்டு வருடம் கழித்துத்தான் என்றாலும் சரி.

எம்கேட் என்ற மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பழைய புத்தகங்களில் படித்துக்கொண்டிருந்தேன். 2015 ஜனவரியோடு பழைய தேர்வு முடிந்தது. ஏப்ரலிலிருந்து உளவியல், சமூகவியல் எல்லாம் சேர்ந்து, இடைவேளையோடு ஏழரை மணி நேரம். அந்தப் புத்தகங்களை விற்கக்கூட முடியவில்லை.

இனி ஊசி விஷயம். மருத்துவமனையில் தன்னார்வலராகச் சேரவே டிபி பரிசோதனை கேட்பார்கள், காலேஜிலும் கேட்பார்கள். முன்கையில் தோலுக்கடியில் ஊசி போட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து வீக்கத்தை ஸ்கேல் வைத்து அளப்பார்கள். நம் ஊரில் பிறந்தவுடன் பிசிஜி போட்டிருப்பார்கள், தோளில் தழும்பு இருக்குமே. அதனால் டிபி கிருமியே இல்லாவிட்டாலும் இந்த இடம் வீங்கலாம். எனக்கு நன்றாகவே வீங்கியது. அங்கிருந்த நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, எக்ஸ்ரே எடுங்கள், ஒன்பது மாதம் ஐசோனியசிட் மாத்திரை சாப்பிடுங்கள் என்று தாளை நீட்டிவிட்டார். தோளைக் காட்டினேன். "எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை" என்றார்! பிசிஜி போட்டவர்களுக்கு ஐஜிஆர்ஏ என்ற ரத்தப் பரிசோதனைதான் பொருத்தம், சிடிசி என்ற இங்குள்ள அரசு நோய்த்தடுப்பு அமைப்பின் வழிகாட்டுதலும் அதையே முன்வைக்கிறது. அதை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டி, ரத்தம் கொடுத்து, நெகட்டிவ் என்று வந்த பிறகுதான் ஒன்பது மாத மாத்திரையிலிருந்து தப்பினேன். கையை நீட்டும் முன்பே ஐஜிஆர்ஏ கேளுங்கள். தோல் பரிசோதனை ஒருமுறை பாசிட்டிவ் என்று பதிவாகிவிட்டால், அப்புறம் போகிற இடமெல்லாம் அது கூடவே வரும். சின்ன வயதுத் தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தால் கவலை வேண்டாம், தட்டம்மைக்கும் சின்னம்மைக்கும் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்துத் தரும் முடிவை ஏற்றுக்கொள்கிறார்கள்.

காத்திருப்போர் பட்டியலிலிருந்து இடம் கிடைத்தது. 2016 ஆகஸ்டில் சேர்ந்தேன். நான்கு வருடமும் ஓடிவிட்டது, கூடப் படித்தவர்கள் என்னை "அக்கா" என்று கூப்பிடாத குறை.

நடுவில் ஸ்டெப் 2 சிஎஸ் என்று, டாக்டர் லைசென்ஸுக்கான தேர்வுகளில் ஒன்று. நாடு முழுக்க ஐந்தே ஊர்களில்தான் நடக்கும். எனக்குப் பிலடெல்பியா. கட்டணம் 1,300 டாலரை ஒட்டி. நோயாளியாக நடிப்பவர்கள் பன்னிரண்டு பேர், ஆளுக்குப் பதினைந்து நிமிடம். கதவைத் தட்டி, கை கழுவி, "உங்களுக்கு வேறு ஏதாவது கேட்க இருக்கிறதா?" என்று மறக்காமல் கேட்கவேண்டும். 2019-இல் எழுதினேன். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நிறுத்தினார்கள், 2021 ஜனவரியில் ஒரேயடியாகக் கைவிட்டார்கள். எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அந்தச் செலவு இல்லை. நடிகர்களோடு எனக்குக் கிடைத்த அதே பதினைந்து நிமிடம்தான் இன்று நிஜ நோயாளிகளோடும் கிடைக்கிறது என்பது வேறு விஷயம்.

படிப்புக்குப் பிறகு ஃபேமிலி மெடிசின் ரெசிடென்சி, அதாவது சம்பளத்தோடு பயிற்சி, மூன்று வருடம். "இஞ்சினியர் மூளை, ரேடியாலஜி போயேன்" என்று சொல்லாத சீனியர் இல்லை. 2020 ஜூலையில் பயிற்சி ஆரம்பம் என்றால் எப்படி இருந்திருக்கும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

இப்போது இருப்பது லாப நோக்கமற்ற சமூக சுகாதார மையம். இன்ஷூரன்ஸ் இல்லாதவர்கள் வருமானத்துக்குத் தகுந்தபடி கட்டணம் கட்டுவார்கள். நோயாளியை நடுவில் வைத்துப் பார்க்கும் மருத்துவம் என்று சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். டாக்டர்கள் நோயாளியைச் சராசரியாகப் பதினெட்டாவது விநாடியில் இடைமறிக்கிறார்கள் என்று 1984-இல் பெக்மன், ஃப்ராங்கல் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். எங்கள் அட்டவணையைப் பார்த்தால் பதினெட்டே தாராளம் என்று தோன்றும்.

ஒரு லாரி ஓட்டுநர். சர்க்கரை எகிறியிருந்தது, மாத்திரைகள் உச்ச அளவில். இன்சுலின் வேண்டாம் என்று பல டாக்டர்களிடம் மறுத்திருக்கிறார். கோப்பில் "ஒத்துழைக்காதவர்" என்று எழுதி வைத்திருந்தார்கள். ஊசி என்றால் பயமா என்று கேட்டேன். பயமில்லை, இன்சுலின் போட்டால் லைசென்ஸ் போய்விடும் என்றார். பழைய விதியில் அந்தப் பயம் நியாயமானது, தனி விலக்கு வாங்கித்தான் மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டமுடியும். 2018-இல் அதை மாற்றிவிட்டார்கள். சிகிச்சை தரும் டாக்டர் எம்சிஎஸ்ஏ-5870 என்ற படிவத்தை நிரப்பினால், தகுதிச் சான்று தரும் மருத்துவர் அதை வைத்து முடிவெடுப்பார். யாரும் அவரிடம் இதைச் சொன்னதில்லை. யாரும் ஏன் வேண்டாம் என்று கேட்டதும் இல்லை.

முழு ஒரு வருடத்துக்குச் சான்று வேண்டுமானால் மூன்று மாதச் சர்க்கரை அளவு கருவியில் பதிவாகியிருக்க வேண்டும், நோட்டில் எழுதியது செல்லாது. அதற்கான கருவிக்கு இன்ஷூரன்ஸில் முன் அனுமதி கேட்டால் மறுப்பு, "மருத்துவக் குறிப்பு இணைக்கப்படவில்லை." இணைத்திருந்தேன். மறுபடி ஃபேக்ஸ். ஆமாம், ஃபேக்ஸ்தான். "வரவில்லை" என்றார்கள். அப்பாவைப் போல நானும் ஒரு முடிவுக்கு வந்தேன்: ஃபேக்ஸ் போய்ச் சேர்ந்ததற்கான தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்களைப் போனிலேயே நிறுத்தி, பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டினேன். அன்றைக்கே அனுமதி வந்தது. முன் அனுமதிக்குப் போன் செய்பவர்கள் பேசியவர் பெயரையும் அழைப்பு எண்ணையும் கட்டாயம் எழுதி வையுங்கள்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அது 45 நாள்தான் செல்லும். அதற்குள் கம்பெனி அவரை டெக்சாஸுக்கு அனுப்பிவிட்டது. திரும்பி வந்து சான்று மருத்துவரிடம் போனால், தேதி தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், அரை நாள் சம்பளம் போச்சு. புதுப் படிவம் போட்டோம். இந்த முறை சான்று மருத்துவரிடம் நேரம் வாங்கிய பிறகுதான் பேனாவைத் திறந்தேன். ஒரு வருடச் சான்று கிடைத்தது. இப்போது அவருடைய கம்பெனியிலிருந்து அதே படிவத்தோடு ஆட்கள் வருகிறார்கள்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கலாம். எங்களுக்கு ஒரு வருகைக்கு இவ்வளவு என்றுதான் பணம் வருகிறது, நீளமாகப் பேசினாலும் அதே தொகை. எத்தனை பேரைப் பார்த்தோம் என்று மேலாளர் எண்ணிக்கை கேட்பார். அதனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் அடைக்காமல், இரண்டு வாரத்தில் மறுபடி வரச் சொல்கிறேன். உள்ளே நுழைந்ததும் "இன்னைக்கு என்னென்ன பேசணும்?" என்று மொத்தப் பட்டியலையும் கேட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டுதான் நெஞ்சு வலியைச் சொல்வார்கள்.

கடைசியாகக் கடன். லாப நோக்கமற்ற இடத்தில் முழுநேரம் வேலை பார்த்து 120 மாதத் தவணை கட்டினால் மீதி ஃபெடரல் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டம் இருக்கிறது, ரெசிடென்சி மாதங்களும் சேரும். படித்து முடித்ததும் வரும் ஆறு மாத அவகாசம் அதில் சேராது. கடன்களை உடனே ஒன்றாக்கியதால் அந்த மாதங்களும் எனக்குக் கணக்கில் வந்தன. ஆனால் நான் வாங்கிய கிராட் பிளஸ் என்ற ஃபெடரல் கடன் 2026 ஜூலை 1 முதல் புதிதாகச் சேருபவர்களுக்குக் கிடையாது. வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 என்று உச்சவரம்பு. பல கல்லூரிகளில் நான்கு வருடச் செலவு இதைத் தாண்டிவிடும். மீதிக்குத் தனியார் வங்கிதான், அந்தக் கடனுக்கு இந்தத் தள்ளுபடி இல்லை. வேலையை ராஜினாமா செய்வதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.