கவருக்குள் ஒரு கார்பன் தாள்

சிறுநீரகக் கல் வலியோடு கேஷுவாலிட்டிக்கு வருகிறவரை வாசலிலேயே அடையாளம் தெரிந்துவிடும். படுக்கவும் முடியாது, உட்காரவும் முடியாது, ஸ்ட்ரெச்சரில் புரண்டுகொண்டே இருப்பார். வழக்கமாக 75 மில்லிகிராம் டைக்ளோஃபெனாக் ஊசி போடுவோம். ஆனால் கிரியாட்டினின் ஏறியவர் (அதாவது சிறுநீரகம் பலவீனமானவர்), அல்சர் உள்ளவர் என்று அந்த ஊசிக்குத் தயங்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். அதற்குப் பதிலாக ஒரு கிராம் பாராசிட்டமாலை டிரிப்பில் ஏற்றினால் வலி அதே அளவுக்குக் கேட்குமா? இதுதான் எமர்ஜென்சி மெடிசின் எம்டியில் என் தீசிஸ்.

மருந்துக்கு ஒரு பக்கமாக இரண்டு பக்கம், பக்கத்துக்கு 30 பேர் என்று எழுதிக்கொண்டுதான் புள்ளியியல் மேடத்தின் அறைக்குப் போனேன். ஏன் 30 என்றார். சீனியர் தீசிஸில் 30 இருந்தது என்றேன். அவர் சிரிக்கவில்லை. "இதே வலிக்கு ஏற்கெனவே பெரிய ஆய்வு ஏதாவது வந்திருக்கிறதா டாக்டர்?" என்று மட்டும் கேட்டார்.

வந்திருந்தது. தோஹாவில் 1,645 பேரை வைத்துச் செய்து 2016-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டிருந்தார்கள். அரை மணி நேரத்தில் வலி பாதியாவது குறைந்தவர்கள் டைக்ளோஃபெனாக்கில் 68 சதவீதம், பாராசிட்டமாலில் 66, மார்ஃபினில் 61. மேடம் கால்குலேட்டரை எடுத்தார். பக்கத்துக்கு 30 பேர் என்றால் 68-க்கும் 33-க்கும் இருக்கிற மாதிரி வித்தியாசம்தான் நம்பகமாகக் கண்ணில் படுமாம். ஒரு மருந்து இன்னொன்றில் பாதிதான் வேலை செய்கிறது என்றால் அதைச் சொல்ல தீசிஸ் எதற்கு, டியூட்டி நர்ஸே சொல்லிவிடுவார். சரி, 68-க்கும் 66-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடிக்க எத்தனை பேர் வேண்டும்? பக்கத்துக்கு 8,600-க்கு மேல்.

எனக்கு முகம் தொங்கிவிட்டது. ஆறுதலுக்கோ என்னவோ, அவர் கிராஷ்-2 கதையைச் சொன்னார். விபத்தில் ரத்தம் போனவர்களுக்கு, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சமிக் ஆசிட் கொடுத்துப் பார்த்த ஆய்வு அது. 40 நாடுகள், 274 மருத்துவமனைகள், 20,211 பேர். மருந்து கொடுத்தவர்களில் இறந்தவர்கள் 14.5 சதவீதம், கொடுக்காதவர்களில் 16. இந்த ஒன்றரைப் புள்ளியைச் சந்தேகமில்லாமல் காட்டத்தான் அத்தனை கூட்டம். இன்று நாம் ட்ராமா கேஸ் வந்ததும் யோசிக்காமல் கை வைக்கிற ஆம்ப்யூல் அதுதான்.

அப்புறம்தான் சரியான கேள்வி வந்தது. "பாராசிட்டமால் மேல் என்று காட்டப் போகிறீர்களா, மட்டமில்லை என்று காட்டப் போகிறீர்களா?" மட்டமில்லை என்பதுதான் எனக்கு வேண்டியது. அப்படியானால் எவ்வளவு குறைந்தால் பரவாயில்லை என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதைத் தன்னால் சொல்ல முடியாது, வைத்தியம் பார்க்கிறவர்தான் சொல்ல வேண்டும் என்று பந்தை என் பக்கம் தள்ளிவிட்டார். தீசிஸை வழிநடத்தும் பேராசிரியரான கைடோடு இரண்டு நாள் வாதாடி 15 சதவீதப் புள்ளி என்று முடிவானது. பெரிய எல்லைதான், இன்றைக்கும் எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. அந்தக் கணக்கில் பக்கத்துக்கு 152 பேர். நடுவில் பத்து சதவீதம் பேர் விட்டுப் போனாலும் 152 மிஞ்ச வேண்டும் என்று 169. மொத்தம் 338.

எதிக்ஸ் கமிட்டியும், மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவும் அலைச்சல்தான், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். 2018 ஏப்ரல் 1 முதல் சிடிஆர்ஐயில் ஆய்வு தொடங்கிய பிறகு பதிய முடியாது. முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு எண் கையில் இருக்க வேண்டும். ஊர்ப்பட்ட கேஸ் வருகிறதே என்று அவசரப்பட்டு ஆரம்பித்துவிடாதீர்கள்.

யாருக்கு எந்த மருந்து என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கும். அதை எழுதிய தாள்கள் வரிசை எண் போட்ட பழுப்பு கவர்களில் ஒட்டிய நிலையில் மேஜையில் இருக்கும். இரண்டாவது வாரம் ஒரு ராத்திரி, ஜூனியர் ஒருவர் அடுத்த கவரை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார். நானும் வாங்கிப் பார்த்தேன். உள்ளே இருந்த மருந்துக் குறி 'பி' பளிச்சென்று தெரிந்தது. அவர் மேல் தப்பில்லை, ரொம்பத் துடிக்கிற நோயாளிக்கு ஊசி வராமல் போய்விடுமோ என்ற பரிதாபம். ஆனால் அந்தப் பரிதாபமே போதும். துடிக்கிறவர்களெல்லாம் ஒரு பக்கமும் தாங்குகிறவர்களெல்லாம் மறுபக்கமும் சேர்ந்துவிட்டால் பிறகு எந்தக் கணக்கு போட்டும் பிரித்தெடுக்க முடியாது. மறுநாள் மீதி எல்லாக் கவர்களையும் மேடமே பிரித்து, ஒவ்வொன்றிலும் கறுப்பு கார்பன் தாளை மடித்து வைத்து, புதிதாக ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். அதுவரை சேர்ந்தவர்கள் ஒன்பது பேர். அவர்களை மறைக்காமல் தீசிஸில் ஒரு பத்தியாக எழுத வைத்தார்.

சம்மதம் வாங்கும்போது நோயாளியின் மனைவி ஒருவர், "சீட்டு குலுக்கிப் போடுற மாதிரியா சார்?" என்று கேட்டார். படிவத்தில் நான் மூன்று வரியில் எழுதியிருந்தது அவ்வளவுதான். வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மார்க் கேட்பது இன்னும் கஷ்டம். பலர் "நூறு" என்பார்கள். ஒரு பெரியவர் "பதினாறணாவும் வலிதான் தம்பி" என்றார். அரை மணி கழித்து, மருந்து என்னவென்று தெரியாத சக மாணவர் போய்க் கேட்டபோது, "ஆறணா நிக்குது". அதை நாலு மார்க் என்று குறித்துக்கொண்டோம். வகுத்துப் பார்த்தால் 3.75.

இன்னொரு சிக்கல். பாராசிட்டமால் கவர் வந்த ஒருவருக்கு, ஷிஃப்ட் மாறும் நேரத்தில் யாரோ டைக்ளோஃபெனாக் போட்டுவிட்டார்கள். அவரை ஊசிப் பக்கம் மாற்றிவிடலாம் என்றேன். கூடாது, கவர் எங்கே அனுப்பியதோ அங்கேதான் எண்ண வேண்டும் என்றார் மேடம். அதோடு விடவில்லை. மட்டமில்லை என்று காட்டுகிற ஆய்வில் இப்படிப்பட்ட குளறுபடி கூடக் கூட இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரியுமாம், அது நமக்குச் சாதகமாகிவிடும். அதனால் மருந்தை ஒழுங்காக வாங்கியவர்களை மட்டும் வைத்து இன்னொரு முறையும் கணக்கு போட வேண்டும், இரண்டும் ஒத்துப் போனால்தான் வாய் திறக்கலாம்.

நடுவில் ரிசல்ட்டை எட்டிப் பார்க்கவும் விடவில்லை. கடைசியில் 338-க்கு நாற்பது பேர் குறைவாகத்தான் சேர்க்க முடிந்தது. வித்தியாசத்துக்கான நம்பிக்கை இடைவெளியின் (உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய வரம்பின்) கீழ் முனை மைனஸ் 15-ஐக் கொஞ்சம் தாண்டிக் கிடந்தது, மேல் முனை பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம். பி மதிப்பு 0.05-க்கு மேல், அதாவது வித்தியாசம் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. "அப்போ ரெண்டும் சமம்னு எழுதிடு" என்றார் கைடு. வித்தியாசம் தெரியவில்லை என்பதும் சமம் என்பதும் ஒன்றல்ல என்று மேடம் பிடித்த பிடியில் நின்றார். முடிவுரையின் அந்த ஒரு வாக்கியம் நாலு முறை மாறியது. 'பாராசிட்டமால் மட்டமில்லை என்று இந்த ஆய்வால் நிறுவ இயலவில்லை' என்றுதான் அச்சுக்குப் போனது.

வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் தீசிஸைப் புரட்டிவிட்டு, டைக்ளோஃபெனாக்கை எந்தெந்த நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது என்று கேட்டார். சொன்னேன். அடுத்து ஈசிஜி ஒன்றை நீட்டினார்.