பேர் நம்முடையது, படகு எப்போது வரும்?

குமரி மாவட்டக் கடற்கரை ஊரான நீரோடியில் தாத்தா கரையேறியதும் முதல் வேலையாகக் கயிற்றை அவிழ்த்து, கட்டுமரத்தின் மரங்களைத் தனித்தனியே மணலில் காயப்போடுவார். அந்தப் பேர்தான் இன்று உலகமெங்கும் 'கேட்டமரன்'. அது இரட்டை உடல் படகு, நம்முடையது மரங்களைச் சேர்த்துக் கட்டியது. சரி, பேர் நம்முடையதுதானே.

ஒலிம்பிக் பாய்மரப் போட்டியில் 1976 முதல் 2008 வரை டொர்னாடோ என்ற கேட்டமரன் ஓடியது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அதை விட்டுவிட்டார்கள். 2016-இல் நாக்ரா 17 என்ற வேறொரு கேட்டமரன் வந்தது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து ஓட்டும் படகு. டோக்கியோவுக்கு நம் பாய்மர வீரர்கள் நான்கு பேர் போனார்கள், இந்தப் படகில் ஒருவரும் இல்லை.

இந்திய யாட்டிங் சங்கம் நாலு படகையும் ஒரு பயிற்சியாளரையும் நீரோடி, பொழியூர் கரைக்கு அனுப்பட்டும். என் அக்கா மகளுக்குப் பதினான்கு வயது. கண்ணை மூடி, கன்னத்தில் படுவதை வைத்தே காற்றின் திசையைச் சொல்கிறாள்.