புது அலுமாரியையும் மணந்து பாருங்கள்

திருகோணமலையில் மீன் வாங்கும்போது ‘மருந்து போட்டதோ?’ என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மீன் கெடாமல் இருக்கப் போடும் அந்த மருந்தில் இருக்கும் ஃபோமல்டிஹைட்டில் நாம் அதிகம் பயப்பட வேண்டியது வாயால் போவதை அல்ல, மூக்கால் போவதை. சந்தையில் அத்தனை கவனமாக இருப்பவர்கள், புதுச் சிப்போட் (மரத்தூளைப் பசையால் ஒட்டிய பலகை) அலுமாரி வைத்த அறையில் யன்னலைச் சாத்தி, நுளம்புத்திரியும் கொளுத்திவிட்டுப் பிள்ளையைப் படுக்க வைக்கிறார்கள். எங்களுக்குப் பெரிய கவலை அதுதான். என்றாலும் மீனிலிருந்தே தொடங்குவோம்.

ஃபோமல்டிஹைட் ஒரு வாயு. அதை ஏறத்தாழ 37 வீதம் தண்ணீரில் கரைத்து, அடியில் வெள்ளையாகப் படியாமல் இருக்க 10 முதல் 15 வீதம் மெதனோல் சேர்த்தால் அது ஃபோமலின். பிணவறையிலும் உயிரியல் ஆய்வுகூடத்திலும் பாவிக்கும் திரவம் இதுவே. புரதங்களை ஒன்றோடொன்று கட்டிப்போட்டுவிடுவதால் பக்டீரியாவால் சதையை உடைக்க முடியாது. சதை றப்பர் போல விறைப்பதும் அதே கட்டினால்தான்.

ஆகவே மீனில் பார்க்க வேண்டியது ஒரு தனி அடையாளத்தை அல்ல, அடையாளங்களுக்கு இடையிலான முரண்பாட்டை. ஐஸில் வைத்துப் பழசான மீனில் எல்லாம் ஒன்றாகவே கெடும்: கண் குழியும், செவுள் மண்ணிறமாகும், விரலால் அமுக்கினால் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கும், நாற்றம் வரும். கண்ணும் செவுளும் பழசாக இருந்து, சதை மட்டும் கட்டியாக இருந்து, மீன் மணமும் இல்லையென்றால் வாங்காதீர்கள். ஈ மொய்க்கவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஐஸும் கடற்காற்றும் கூட ஈயை விரட்டும்.

விடியக் கரையேறி மத்தியானத்துக்குள் விற்றுத் தீரும் மீனுக்கு ஃபோமலின் தேவைப்படாது. தூரம் கூடி ஐஸ் குறையும் இடத்தில்தான் அந்த ஆசை வரும். 2018 இல் கேரளாவில் பிடிபட்ட ஃபோமலின் மீனும் வெளி மாநிலங்களிலிருந்து லொறியில் வந்தவையே.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கடல் மீனின் உடம்பில் இயல்பாகவே ட்ரைமெதில் அமீன் ஒக்சைட் என்ற பொருள் உண்டு. சில இன மீன்களில், முக்கியமாக உறைய வைத்து நாட்பட்டால், அது உடைந்து கொஞ்சம் ஃபோமல்டிஹைட் தானாகவே உண்டாகும். எனவே சோதனைத் தாள் இலேசாக நிறம் மாறியதும் கடைக்காரரைக் கள்ளனாக்கிவிடக் கூடாது. எவ்வளவு இருக்கிறது என்பதை ஆய்வுகூடம்தான் சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பீ.எச்.ஐ.) சொல்லுங்கள். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. வெட்டிக் கழுவிச் சமைத்த துண்டைக் கொண்டுபோய்ப் பயனில்லை. கடையில் இருக்கும் மீனைத்தான் அவர் எடுக்க வேண்டும்.

இரண்டு மூன்று தண்ணீரில் அலசினால் ஒட்டாமல் இருக்கும் ஃபோமல்டிஹைட் கொஞ்சம் போகும், கொதிக்கும்போது இன்னும் கொஞ்சம் ஆவியாகும். சதையோடு பிணைந்தது போகாது. மருந்துக்குப் பயந்து ஐஸ் இல்லாத மீனை வாங்குவதும் பிழை. சூரை போன்ற மீன் வெயிலில் சில மணி நேரம் கிடந்தாலே ஹிஸ்டமீன் ஊறும். முகம் சிவந்து, தடித்து, தலையிடித்து, வாந்தி வரும். எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. இந்த வெக்கைக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பதே பாதுகாப்பான கணக்கு.

பழங்களைப் பற்றிய பயம் பெரும்பாலும் வீண். ஆப்பிளிலும் பெயர்ஸிலும் ஃபோமல்டிஹைட் இயல்பாகவே உண்டு. புரதம் குறைந்த பழத்தை ஃபோமலினில் தோய்ப்பதால் விற்பவருக்கும் பெரிதாக இலாபமில்லை.

இனி மூச்சு. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004 இல் ஃபோமல்டிஹைட்டை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதலாம் வகுப்பில் சேர்த்தது. அதற்கு ஆதாரமாக இருந்தது, வேலைத்தலங்களில் அதைச் சுவாசித்தவர்களுக்கு மூக்கின் பின்புறத் தொண்டையில் வந்த புற்றுநோய். வீட்டுக்குள் ஒரு கன மீற்றர் காற்றில் அரை மணி நேரச் சராசரி 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல்.

சிப்போட், எம்.டி.எஃப்., மலிவான ப்ளைவூட் எல்லாவற்றையும் பொதுவாக ஒட்டியிருப்பது யூரியா ஃபோமல்டிஹைட் பசை. ஈரமும் வெப்பமும் பட்டால் அந்தப் பசை மெல்ல உடைந்து வாயுவை விடும். பலகையில் ‘ஈ1’ (வாயு குறைவாக விடும் பலகைக்கான தரம்) என்று அடித்திருந்தால் நல்லதுதான். ஆனால் அந்தத் தரத்தைச் சோதிப்பது 23 பாகை செல்சியஸில், 45 வீத ஈரப்பதனில். கச்சான் காற்று வீசும் காலத்தில் இங்கே மூடிய அறை 33 பாகையைச் சாதாரணமாகத் தொடும். அந்தப் பத்துப் பாகைக்கே வெளிவரும் வாயு ஏறத்தாழ மூன்று மடங்காகும். வாடைக் காலத்தில் வெப்பம் குறைந்தாலும் ஈரம் கூடி அதே வேலையைச் செய்யும்.

புதுத் தளபாடம் வாங்கினால் முதல் இரண்டு மூன்று வாரம் விறாந்தையில், கதவும் லாச்சிகளும் திறந்தபடி, மழை படாமல் வையுங்கள். பிறகு பின்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் பாருங்கள். லமினேட் ஒட்டாமல் வெறுமையாகத் தெரியும் ஓரங்களும் திருகாணித் துளைகளும்தான் வாயு வரும் வாசல்கள். அவற்றுக்குப் பொலியூரிதேன் வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுங்கள். தச்சரிடம் சொன்னால் ஓரப்பட்டி ஒட்டித் தருவார். படுக்கையறைக்கு இரும்பு அலுமாரி, பிள்ளையின் தொட்டிலுக்கு வேம்பு அல்லது தேக்குப் பலகை சிறந்தது. ஏசி போட்ட அறையில் அதே காற்றே சுற்றிச் சுற்றி வருகிறது. காலையிலும் மாலையிலும் எதிரெதிர் யன்னல்களைப் பதினைந்து நிமிடமாவது திறந்துவிடுங்கள். மணம் தெரியவில்லை என்பதை நம்ப முடியாது, மூக்கு விரைவில் பழகிவிடும். காலையில் எழும்பும்போது கண் எரிந்து தொண்டை கரகரத்து, வெளியே போனதும் சுகமானால் அறையைச் சந்தேகியுங்கள்.

நுளம்புத்திரி இன்னும் மோசம். மலேசியாவிலும் சீனாவிலும் வாங்கிய திரிகளைச் சோதித்து 2003 இல் வெளியான ஆய்வில், ஒரு திரி முழுதாக எரியும்போது வரும் ஃபோமல்டிஹைட் 51 சிகரெட்டுக்குச் சமமாக இருக்கலாம் என்று கண்டார்கள். டெங்கு ஊரில் நுளம்பை விட முடியாது என்பது உண்மை. ஆனால் டெங்கு நுளம்பு கடிப்பது பெரும்பாலும் பகலில். இரவு திரி அதற்கு மருந்தல்ல. வலை கட்டுங்கள், பகலில் தூங்கும் குழந்தைக்கும் கட்டுங்கள், தண்ணீர் தேங்கும் சிரட்டையையும் டயரையும் கவிழ்த்துவிடுங்கள். திரிதான் வழியென்றால் வாசலுக்கு வெளியே கொளுத்துங்கள். மூடிய அறையில் சாம்பிராணிக்கும் இதே கதைதான்.

மெலமைன் கோப்பையும் தட்டும் மெலமைனும் ஃபோமல்டிஹைட்டும் சேர்த்து வார்த்தவை. சோறு போட்டுச் சாப்பிடப் பயமில்லை. கொதிக்கும் பிளேன்டீ, ரசம், புளிக்குழம்பு ஊற்றுவதுதான் பிழை. 70 பாகைக்கு மேல் சூடும் புளிப்பும் சேர்ந்தால் ஃபோமல்டிஹைட் கரைந்து வரும். மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. மினுக்கம் போய்ச் சுரண்டிய கோப்பையை எறிந்துவிடுங்கள்.

முடி நேராக்கும் கெரட்டின் மருந்தில் ‘ஃபோமல்டிஹைட் இல்லை’ என்று எழுதியிருந்தாலும் பட்டியலில் மெத்திலீன் கிளைக்கோல் இருந்தால் இரண்டும் ஒன்றுதான். சூடான இரும்பு பட்டதும் வாயுவாகும். அதைத் தினமும் மூச்சில் இழுப்பவர் வாடிக்கையாளரல்ல, சலூனில் வேலை செய்யும் பிள்ளை. சுருங்காத துணிகளிலும் ஃபோமல்டிஹைட் சேர்ந்த பிசின் உண்டு. புதுச் சேட்டை ஒரு தரம் துவைத்துவிட்டு உடுத்தினால் பெரும்பங்கு போய்விடும்.

ஆய்வுகூடத்திலிருந்தோ பண்ணையிலிருந்தோ ஃபோமலினைச் சோடாப் போத்தலில் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். 30 மில்லிலீற்றர் குடித்தே வளர்ந்தவர்கள் இறந்திருக்கிறார்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். போன வழியெல்லாம் மறுபடியும் எரியும். வாயைக் கொப்பளிக்க வைத்து, 1990 அம்புலன்ஸை அழையுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடமாவது கழுவுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தப் போத்தலையும் மூடி எடுத்துச் செல்லுங்கள். எத்தனை வீதக் கரைசல் என்று வைத்தியர் முதலில் கேட்பார்.