வானுக்குள் ஒரு சுடுதண்ணி ஹீற்றர்

வன்னி வெயிலுக்குச் சுடுதண்ணி எதற்கு என்று முறிகண்டியில் கச்சான் விற்கிற அக்கா சிரித்தார். மார்கழிப் பனியில் யாருடையதோ வளவில் எங்கள் பயண வானை நிறுத்தி, உள்ளே படுத்தெழும்பி விடியக் குளித்துப் பார்த்தால் தெரியும்.

பழைய ஹீற்றர் பத்து லீற்றர். போன கிழமை வானின் தரைப் பலகை ஊறிக் கிடந்தது. குழாய் மூட்டுத்தான் ஒழுகுகிறது என்று இரண்டு தரம் ரேப் சுற்றினேன், வீண் வேலை. கழற்றிப் பார்த்தால் தாங்கியின் அடியில் ஊசித் துவாரம். உள்ளே ஒரு மக்னீசியக் கோல் இருக்கும். தாங்கியின் இரும்பு கரையாமல் இருக்கத் தான் கரைந்துபோவதுதான் அதன் வேலை. எனக்கு மிஞ்சியிருந்தது வெறும் கம்பி. சூடாக்கும் சுருளில் முட்டைக்கோது மாதிரி வெள்ளைப் படிவு. எங்கள் கிணற்றுத் தண்ணி கேத்தலுக்குச் செய்வதும் இதைத்தானே!

புதியதும் அதே அளவு, 1500 வாட். பற்றரியில் ஓட்டுவோம் என்றான் மச்சான். 12 வோல்ட்டில் அது 125 ஆம்பியர் இழுக்கும், எங்கள் வயர் தாங்காது. தங்குமிடத்துக் கரண்டில் குத்தினால் கால் மணித்தியாலத்தில் குளிக்கிற சூடு வந்துவிடும், போதும்.

இந்த முறை, சூட்டில் அமுக்கம் கூடினால் தண்ணியை வெளியேற்றும் வால்வின் குழாயை வானுக்கு வெளியே விட்டேன். நிமிர்ந்தால், தாங்கி நிரம்ப முதலே மச்சானின் கை சுவிட்சில்.

"பொறடா, சுருள் கருகும்!"