துறைத் தேர்வும் பத்மநாபபுரம் மேடமும்

குரூப் 4 எழுதி அரசு வேலைக்கு வர வழிகாட்டக் குமரி மாவட்டத்தில் பயிற்சி மையங்களுக்குப் பஞ்சமில்லை. உள்ளே வந்த பிறகு மேலே போவது எப்படி என்று சொல்லித்தரத்தான் ஆள் கிடைப்பதில்லை. எனக்குக் கிடைத்தார். தக்கலையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். வீடு பத்மநாபபுரம் கோட்டைக்குள்.

என்னைப் போன்ற இளநிலை உதவியாளர், அடுத்த படியான உதவியாளராக வேண்டுமானால் துறைத் தேர்வுகளில் தேற வேண்டும். தேர்வாணையம் அவற்றை மே, டிசம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது. பல தாள்களைப் புத்தகம் பார்த்தே எழுதலாம். ஆனால் அடிப்படை விதிகள், நிதி விதித்தொகுப்பு, கருவூல விதிகள், 1978ஆம் வருட ஓய்வூதிய விதிகள் என்று எத்தனை புத்தகங்கள்! எது எங்கே இருக்கிறதென்று தெரியாவிட்டால் தேடியே நேரம் போய்விடும்.

ஞாயிறு மதியங்களில் மேடம் வீட்டுக்குப் போவேன். பாடம் நடத்த மாட்டார், கேள்விதான். "மக்ளே, ஒருத்தர சஸ்பெண்ட் பண்ணியாச்சு. அவரு வீட்டுல அடுப்பு எரிய வேண்டாமா? அதுக்கு எங்க வழி சொல்லிருக்கு, எடு பாப்போம்." அடிப்படை விதி 53, பிழைப்பூதியம் என்று எடுத்துக் காட்டுவேன். "சரி, இப்ப அதுக்கு ஒரு குறிப்பு எழுது."

அதிகாரியின் ஒப்புதலுக்காகக் கோப்பில் எழுதிவைப்பதுதான் அந்தக் குறிப்பு. அங்கேதான் உண்மையான படிப்பு. வந்திருக்கும் கடிதம் என்ன கேட்கிறது, விதி என்ன சொல்கிறது, முன்பு இப்படி நடந்திருக்கிறதா, அதிகாரி எதற்கு ஒப்புதல் தர வேண்டும். இந்த வரிசை பிசகினால் சிவப்பு மையில் கோடு விழும். தேர்வில் தேற கைடு வாங்கிப் படித்தால்கூடப் போதும். ஒரு கோப்பை முழுசாக நடத்தத் தெரிவதற்கு, நடத்திப் பழகியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் சொல்லித்தான் எல்லோரும் ஒதுங்குகிற சம்பளப் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்கினேன். படித்த விதிகள் அங்கே தினமும் வேலைக்கு வந்தன.

நாகர்கோவிலில் தேர்வு எழுதி, தேறியும்விட்டேன். போனில் சொன்னதும் மேடம் கேட்டது: "பணிப்பதிவேட்டுல ஏத்தியாச்சா?" பதவி உயர்வுப் பட்டியலுக்கு ஒரு குறிப்பு நாள் உண்டு. அதற்குள் தேறியிருந்தால்தான் பெயர் சேரும். தேறிய விவரம் பதிவேட்டில் ஏறாமல் கிடந்தால் நம் பெயர் விடுபட்டுப்போக வாய்ப்பிருக்கிறது. மறுநாளே தேர்வு முடிவு நகலோடு மனு கொடுத்தேன். பதிவும் கையெழுத்தும் விழுந்ததை நேரில் பார்த்த பிறகுதான் அவரிடம் "ஆச்சு மேடம்" என்றேன்.