ஏ லெவல் பாலிடிக்ஸ்: மார்க் எங்கே போகிறது?

தினமும் செய்தி பார்க்கிறோம், சமாளித்துவிடலாம் என்ற தைரியத்தில்தான் பிரிட்டனில் நிறையப் பேர் சிக்ஸ்த் ஃபார்மில் (ஏ லெவல் தேர்வுக்குப் படிக்கும் கடைசி இரண்டு பள்ளி ஆண்டுகள்) பாலிடிக்ஸ் எடுக்கிறார்கள். செய்தி உதவும்தான், மார்க் விழுவது வேறிடத்தில்.

நாங்கள் படித்தது எட்எக்ஸெல் என்ற தேர்வு வாரியத்தின் பாடத்திட்டம். மூன்று பேப்பர், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், 84 மார்க். முதல் இரண்டில் பிரிட்டன் அரசியல், அரசாங்கம், கூடவே சித்தாந்தங்கள். மூன்றாவது அமெரிக்காவா உலக அரசியலா என்பதைப் பெரும்பாலும் பள்ளியே முடிவு செய்துவிடும்.

முதல் இரண்டு பேப்பரிலும் 30, 30, 24 என மூன்றே பதில்கள். நேரத்தை 45, 45, 30 நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சித்தாந்தக் கேள்வியைக் கடைசி பத்து நிமிடத்தில் அரைகுறையாக எழுதுவதுதான் வழக்கமான விபத்து.

ஒரு பகுதியைக் கொடுத்து அதை வைத்து எழுதச் சொல்லும் சோர்ஸ் கேள்வியில் 30 மார்க்கும் அறிவு, பகுப்பாய்வு, தீர்ப்பு என்று பத்துப் பத்தாகப் பிரியும். முதல் ஐந்து நிமிடம் எழுதவே வேண்டாம். சோர்ஸில் உள்ள ஆதரவு வாதங்களையும் எதிர் வாதங்களையும் குறித்து, மூன்று ஜோடியாக்குங்கள். ஜோடிக்கு ஒரு பத்தி. வாதம் சோர்ஸிலிருந்துதான் கிளம்ப வேண்டும். ஒரு பக்க வாதத்தை மட்டும் எழுதினால், திருத்துபவர் தரும் மதிப்பீட்டு நிலைகளில் இரண்டாம் நிலைக்கு மேல் ஏறவே முடியாது.

தேர்தல் முறை பற்றி வந்தால், 2024 பொதுத் தேர்தலில் ரிஃபார்ம் கட்சி 14.3 சதவீத வாக்குக்கு 5 இடமும், லிபரல் டெமாக்ரட் 12.2 சதவீதத்துக்கு 72 இடமும் வாங்கியதை எழுதலாம். அது வெறும் அறிவு. முன்னதன் வாக்கு நாடெங்கும் சிதறியது, பின்னதன் வாக்கு குறிவைத்த தொகுதிகளில் குவிந்தது என்றால் பகுப்பாய்வு. ஆகவே இந்த முறை சிறிய கட்சிகளைவிடச் சிதறிய வாக்கையே தண்டிக்கிறது என்று முடித்தால் தீர்ப்பு. இதைப் பத்திதோறும் செய்யுங்கள். முடிவுரைக்கென்று ஒத்திப்போடுகிறவர்களுக்குத்தான் மார்க் குறைகிறது.

24 மார்க் சித்தாந்தக் கேள்வியில் சிந்தனையாளர் பெயரே வராவிட்டாலும் இரண்டாம் நிலையோடு சரி. தாராளவாதத்துக்கு லாக், வுல்ஸ்டன்கிராஃப்ட், மில், ரால்ஸ், ஃப்ரீடன். ஆள்வாரியாக மனப்பாடம் செய்யாமல் மனித இயல்பு, அரசு, சமூகம், பொருளாதாரம் என்று நான்கு கட்டம் போட்டு அதில் இவர்களை நிரப்புங்கள். கேள்வி அப்படித்தான் வரும்.

மூன்றாம் பேப்பரில் இரண்டு 12 மார்க், இரண்டு 30 மார்க். 12 மார்க் கேள்வியில் தீர்ப்புக்கு மார்க்கே கிடையாது. 17 நிமிடத்தில் முடித்துவிட்டு நகருங்கள்.