கண்மாய்க்குப் போன சாக்கடையும் தலைக்கு 280 ரூபாயும்

2019 டிசம்பர் தேர்தலில் வார்டு உறுப்பினராக நின்றபோது தெருவுக்கு நான் கொடுத்த ஒரே வாக்கு, வாறுகால், அதாவது தெருவோரச் சாக்கடை. மேலூர் பக்கம், கண்மாய்க் கரையை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஜெயித்ததும் சிமெண்ட் வாறுகால் கட்டிவிட்டோம். அடுத்த மழையில்தான் செய்த காரியம் புரிந்தது. முன்பு கொல்லையில் தேங்கி மண்ணில் சுவறிய சோப்புத் தண்ணீர், இப்போது தெருக் குப்பையையும் சாணத்தையும் கூட்டிக்கொண்டு நேராகக் கண்மாயில் விழுந்தது. விழுந்த இடத்தில் தண்ணீர் கருத்து, ஆகாயத்தாமரை மண்டியது. "ஏத்தா, சாக்கடையக் கண்மாய்க்குக் கொண்டாரத்தான் ஓட்டுக் கேட்டியா?" என்று பெரியப்பா முறை ஒருவர் மடையடியில் வைத்துக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

அந்தச் சாக்கடைத் தண்ணீரை வடிகட்டிக் கண்மாய்க்கு விடப் பணம் எங்கே என்று தேடினால், தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் இருந்தது. 5,000 பேர் வரை உள்ள ஊருக்குக் கழிவுநீர் வேலைக்குத் தலைக்கு 280 ரூபாய் வரை; அதற்கு மேற்பட்ட ஊருக்கு 660. அதில் 70 சதவீதம் திட்டத்திலிருந்து வரும், 30 சதவீதத்தை ஊராட்சி, மத்திய அரசு தந்த 15ஆவது நிதிக்குழு மானியத்திலிருந்து போட வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் ஏறக்குறைய 2,000 பேர். ஆக 5,60,000 ரூபாய், அதில் எங்கள் பங்கு 1,68,000. நிதிக்குழு மானியத்தில் ஒரு பகுதி சுகாதாரத்துக்கென்றே கட்டி வைத்தது. வேறு வேலைக்குத் திருப்ப முடியாது. அதனால் பங்கு போடுவதில் சண்டை வரவில்லை.

2022 அக்டோபர் 2 கிராம சபையில் இந்த வேலைக்குத் தீர்மானம். எங்கள் ஊர் அளவுக்கு 100 பேர் வந்தால்தான் கோரம். 74-இல் நின்றது. நூறு நாள் வேலைக்காரப் பெண்களை வயலிலிருந்து கூட்டிவந்து நிரப்பினோம். ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் அந்த வேலை ஏறாவிட்டால் பின்னால் எதுவும் நகராது என்று எழுத்தர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். பெரிய உதவி.

எஸ்டிமேட்தான் பாடாய்ப் படுத்தியது. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த முதல் மதிப்பீட்டில், தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுக்குழிகள் வரிசையாக. எல்லா ஊருக்கும் அதே படம். எங்கள் மண்ணோ கரிசல், தண்ணீர் இறங்காது. வேலையைப் பார்க்கும் ஓவர்சீயரிடம் சொன்னால் நம்பவில்லை. சரி என்று கரையோரம் மூன்றடிக் குழி தோண்டி, சாயங்காலம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். மறுநாள் காலையில் பார்த்தால் தண்ணீர் அப்படியே கிடக்கிறது. நடுவில் ஒரு தவளை வேறு. ஓவர்சீயர் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "அக்கா, கிடைமட்ட வடிகட்டியா மாத்திடுறேன்" என்றார். முதலில் குப்பை தங்கும் வலைத்தொட்டி, அப்புறம் மண் படியும் தொட்டி, பிறகு பெருங்கல், ஜல்லி, மணல் நிரப்பிய நீளத் தொட்டியில் கல்வாழை.

அதன்பின் இன்னொரு இழுவை: கண்மாய் யாருடையது? நீர்வளத் துறையிடம் தடையில்லாச் சான்று கேட்டு இரண்டு மாதம் அலைந்தேன். கடைசியில்தான் ஒருவர் சொன்னார், ஆயக்கட்டு, அதாவது கண்மாய் பாயும் நிலம், 100 ஏக்கருக்குக் குறைந்தால் அது ஊராட்சி ஒன்றியக் கண்மாய் என்று. எங்களுடையது அறுபது சொச்சம். முதல் நாளே ஆயக்கட்டைக் கேட்டிருக்க வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் இதை மட்டுமாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, வேலையை அளந்து எழுதும் எம்-புக், ஒவ்வொரு கட்டத்துக்கும் இடம் குறிக்கும் போட்டோ எல்லாம் வழக்கம்போல. பணம் மூன்று தவணையாக வந்தது.

தொட்டி இப்போது ஓடுகிறது. கல்வாழை பூத்திருக்கிறது, வெளியேறும் தண்ணீரில் நாற்றம் குறைந்திருக்கிறது. கனமழையில் மட்டும் மேலே வழிந்து பழையபடி கண்மாய்க்குப் போகிறது. வலைத்தொட்டியைப் பத்து நாளுக்கு ஒருமுறை அள்ளாவிட்டால் ஷாம்பு பாக்கெட் அடைத்துக்கொள்ளும். அதை அள்ளும் கூலிக்கு எஸ்டிமேட்டில் ஒரு வரிகூட இல்லை. 2025 ஜனவரியோடு எங்கள் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்துவிட்டார். ஆனாலும் தொட்டி அடைத்தால் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள்.